ஆகாச நிறத்துப் பசை

மணப்பட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் பாதி தூரம் வந்த பிறகும் பின்னால் வெடிச்சத்தம் ஓயவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் ஜூலைத் திருநாள். ஏரிக்கரையில் கூட்டம் இன்னும் கலைந்திருக்காது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என்னிடம் கட்டிய வேட்டி, தோளில் ஒரு துண்டு, இடுப்பில் மூங்கில் பிளக்கும் கத்தி, அவ்வளவுதான். கயிறு இழுத்து இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. நகக்கண்களில் நீலம் ஒட்டியிருந்தது. கரும்புக்கொல்லை ஓரத்து வாய்க்காலில் இறங்கி மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். கை எரிந்ததே தவிர நீலம் போகவில்லை. விட்டுவிட்டு நடந்தேன்.

ஊரை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. பதினான்கு வயதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கூலி கொடுக்காததால் போயிருக்கிறேன், அடித்ததால் போயிருக்கிறேன், சும்மா இருக்கப் பிடிக்காமலும் போயிருக்கிறேன். வேலையை முழுக்க முடித்து, பேசிய கூலியைக் கையில் வாங்கி, அதை இன்னொருவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனது அந்த ஒரு முறைதான்.

ஆறு வாரத்துக்கு முன் வில்லியனூர்ப் பக்கமிருந்து அந்த ஊருக்கு வந்திருந்தேன். பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் ஊர். பெயர் வேண்டாம். உலகச் சண்டையால் பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. நெல் விளைகிற ஊரிலேயே நெல்லைக் கண்ணால் பார்க்க முடியவில்லை; அறுத்தது எல்லாம் பூட்டுப் போட்ட களஞ்சியத்துக்குள் இருந்தது. சேரியில் புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் கீரை என்று சொல்லக்கூடிய எதுவும் மிச்சமில்லை.

அந்த ஊரின் பெரிய நிலக்காரருக்கு ஓர் ஆசை வந்தது. தான் சண்டையில் வெள்ளைக்காரர் பக்கம் நிற்பதைக் சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்த கொம்யூன் முழுக்கப் பார்க்க வேண்டும். ஜூலைத் திருநாளுக்கு மற்ற வருஷங்களில் வழுக்கு மரம் நடுவார்கள், சாக்கு ஓட்டம் விடுவார்கள். இந்த வருஷம் ஒரு சண்டை விமானம் பறக்க வேண்டும் என்றார். பதினான்கு முழ நீளம், பதினாறு முழ இறக்கை. பட்டணத்திலிருந்த அவருடைய மருமகப்பிள்ளை, வெள்ளைக்காரன் இப்போது ஆளே ஏறாமல் ரேடியோ மூலமாக விமானத்தை ஓட்டுகிறான் என்று சொல்லியிருந்தார். ஆகவே ஆள் இல்லாமல் பறக்க வேண்டும்.

வேலைக்கு அமர்த்தப்பட்டவர் கோயில் வாகனம் செய்கிற ஓர் ஆசாரி. யானை, குதிரை, கருடன் எல்லாம் செய்தவர். அவர் நிலக்காரர் எதிரில் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"ரேடியோவுல பாட்டு வரும், பேச்சு வரும்ங்க. ஏரோப்ளேனு எப்டிங்க வரும்?"

நிலக்காரர் யோசித்தார். கடைசியில் ஏரிக்கரையில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே வடம் கட்டி, அதில் விமானத்தைத் தொங்கவிட்டு, தூரத்தில் குழி தோண்டி, குழிக்குள் ஓர் ஆளை உட்காரவைத்துக் கப்பி வழியாகக் கயிறு இழுப்பது என்று முடிவானது. ஒரு கயிறு விமானத்தை நகர்த்தும். இன்னொரு கயிறு மூக்கில் இருக்கும் விசிறியைச் சுற்றும். குழி ஆள் யார் கண்ணிலும் படக்கூடாது. அந்த ஆள் நான்.

என்னை எடுத்ததற்குக் காரணம் வேறு. நிலக்காரரின் காரியக்காரர் களத்தில் நின்றுகொண்டு, "உங்கள்ல எவனாவது பிரெஞ்சு படிப்பானாடா?" என்று கேட்டார். நான் படிப்பேன் என்றேன். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் இருந்தேன்; எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஒரு பத்திரிகைத் தாளை நீட்டினார். சண்டை விமானத்தின் படம், அடியில் நாலு வரி. நான் சத்தமாக வாசித்தேன். அது சரியா தவறா என்று அங்கே யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றே வேலை கிடைத்தது. தினம் மத்தியானம் ஒரு கலயம் கேழ்வரகுக் கூழ். திருநாள் அன்று, கடைசி வரை வேலை செய்த ஆளுக்கு அரை மூட்டை அரிசி. காசு கிடையாது. அந்த வருஷத்தில் காசைவிட அது பெரிய கூலி.

கரும்பு ஆட்டாமல் மூடிக்கிடந்த ஆலைக் கொட்டகையில் வேலை நடந்தது. படம் பக்கவாட்டில் எடுத்தது. ஓர் இறக்கை பாதி தெரிந்தது, மற்றது தெரியவே இல்லை. ஆசாரி இரண்டு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கத்து றெக்க எப்டிடா இருக்கும்?"

"இதே மாதிரிதான் இருக்கும் ஆசாரியாரே."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

தலைக்கு மேலே போனதை இரண்டு தடவை பார்த்திருந்தேன். காக்காய் அளவுக்குத்தான் தெரிந்தது. ஆசாரி பெருமூச்சு விட்டு, கருட வாகனத்துக்கு வைக்கிற கணக்கிலேயே இறக்கையை வைத்தார். நுனியில் லேசாக மேல்நோக்கி வளைவு வந்தது. அதனால் அது விமானம் போலவும் இருந்தது, இறங்கப்போகும் பறவை போலவும் இருந்தது.

முதுகெலும்புக்குக் கல்யாண முருங்கை மரம். லேசானது. விலா எலும்புகளுக்கு மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி வளைத்துப் புளிச்சநாரால் கட்டினோம். மொத்தம் முப்பத்தொரு விலா. ஒவ்வொன்றும் வாலை நோக்கிப் போகப்போகச் சிறுக்க வேண்டும். ஒன்று அரை விரல் பெருத்தாலும் ஆசாரி அறுத்துப் போட்டுவிட்டு, "மறுபடி கட்டு" என்பார். கோபப்படமாட்டார். அப்புறம் துணி. பட்டணத்து ஆலையில் கழித்துப் போட்ட துணியை மூன்று மடிப்பாகப் பசை தடவி ஒட்ட வேண்டும். வெயிலில் காய்ந்தால் பறை போல விறைக்கும்.

பசை காய்ச்சுவதும் துணி ஒட்டுவதும் ஓர் அக்காவின் வேலை. சேரியிலிருந்து வருவாள். முப்பது வயதிருக்கும். வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரையிலேயே பசை காய்ச்சினாள். அதற்கென்று களஞ்சியத்திலிருந்து நொய்யை அரைத்த மாவு ஒரு சாக்கு வந்திருந்தது. விமானத்தின் அடிப்பக்கம் ஆகாச நிறமாக இருக்க வேண்டும் என்று மருமகப்பிள்ளை எழுதியிருந்ததால், சலவைக்குப் போடும் நீலக்கட்டியைப் பொடித்து மாவிலேயே கலந்துவிடச் சொன்னார்கள். அந்தக் கலவை வேலை என்னுடையது. கொப்பரையில் பழைய பாகு ஒட்டியிருந்ததால் ஆரம்பத்தில் பசை லேசாக இனித்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால் நான் தின்றேன். ஆசாரியும் தின்றார், திரும்பி நின்றுகொண்டு.

அக்கா மறைக்கவில்லை. சாயங்காலம் போகும்போது அடிப்பசையை ஒரு கொட்டாங்குச்சியில் வழித்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அவள் புருஷன் பட்டணத்துப் பஞ்சாலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். பஞ்சு நெஞ்சில் இறங்கி, இருமி இருமி, வேலையை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டோடு கிடந்தான்.

"புளித்தண்ணி ஊத்திக் கரைச்சிக் குடுத்துடுவேன்" என்றாள் ஒருநாள். "எம் புருசன் வவுத்துக்குள்ள இப்ப ஆகாசமே இருக்குதுபா. ஏரோப்ளேனு ஒண்ணுதான் பாக்கி."

"அவுரு ஒண்ணும் கேக்கலியா?"

"கேப்பாரு. இன்னாடி இது நீலமா கீதுன்னு. தொர வூட்டுக் கஞ்சி, குடி மவராசான்னு சொல்லுவேன்."

ஆசாரி இழைப்புளியை நிறுத்தாமலே, "அது வவுத்துக்கு ஆவுமா?" என்றார்.

"ஆவாட்டி போவுது. பதினாலாந்தேதி வரைக்கும் உசுர புடிச்சிக்கிட்டுக் கெடந்தா போதும் ஆசாரியாரே. அன்னிக்கி அரிசி வந்துடும். சோறு வடிச்சி, கஞ்சிய கஞ்சியாவே, வெள்ளையா குடுப்பேன்."

தினமும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாபா பிரெஞ்சு தொர, இன்னும் எத்தினி நாளு?" என்பதுதான். நான் சொல்லுவேன். பதினைந்து. பன்னிரண்டு. ஒன்பது.

எட்டு நாள் இருக்கும்போது காரியக்காரர் காலையில் வந்தார். அக்கா இன்னும் வரவில்லை. மாவுச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஒட்டிய துணியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து என் முன்னால் போட்டார். மயில்துத்தம். கட்டிகட்டியாக, நல்ல நீலம், வயிற்றுக்குள் போனால் விஷம்.

"எலி திங்குது. இத இடிச்சி மாவுல கலந்துடு. நீலக்கட்டிக்கு பதிலா இதான் இனிமே."

"எலி எதுவும் காணோமுங்களே" என்றேன்.

"ரெண்டு கால் எலியா இருந்தாலும் துத்தம் கலந்தா வராது" என்றார். "இடிடா. நான் நின்னு பாக்குறேன்."

இடித்தேன். கலந்தேன். துத்தம் பசையில் சேர்ப்பது ஊரில் இல்லாத வழக்கம் அல்ல. பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் போடுவார்கள். கொஞ்சம். அவர் பொட்டலம் முழுவதையும் கலக்கச் சொன்னார். "எவளுக்காச்சும் போயி சொன்ன, அரிசி கெடையாது" என்றார் போகும்போது. ஆசாரி மூக்குக் கட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

எட்டு நாளில் வரப்போகிற அரிசிக்காக வாயை மூடினேன் என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல. சாயங்காலம் அவள் கிளம்பும்போது, கொட்டகைக்கு வெளியே, தனியாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பகலில் சொன்னால் அவள் கத்துவாள், மூன்று பேர் அரிசியும் போகும். மத்தியானம் கூழ் குடிக்கும்போது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஊறுகாய் மிளகாயில் பாதி கிள்ளிக் கொடுத்தாள். வெயில் திரும்பியதும் காரியக்காரர் என்னை மூங்கில் வெட்ட ஏரியின் கோடிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டாள். கொப்பரையின் அடி வழித்திருந்தது.

அவள் வீடு அரை மைல்கூட இருக்காது. போயிருக்கலாம். மூங்கில் குத்திக் கால் வீங்கியிருந்தது. வாயில் வைத்ததும் கசக்கும், கொட்டிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு கொட்டகையிலேயே படுத்துவிட்டேன். அவள் புளித்தண்ணீர் ஊற்றிக் கரைப்பதை நான் மறந்துபோனேன்.

விடிந்ததும் சேரியிலிருந்து பறைச் சத்தம் வந்தது.

அந்தக் காலைதான் ஆசாரி விமானத்துக்குக் கண் திறக்க நேரம் குறித்திருந்தார். அது அவராகச் செய்துகொண்டது. கண் திறக்காத வாகனத்தைத் தன் கையால் வெளியே அனுப்பியதில்லை, அனுப்பவும் மாட்டேன் என்றார். நிலக்காரருக்கும் அது பிடித்துப்போயிற்று. மூக்கின் இரண்டு பக்கமும் ஆசாரி கண் எழுதினார், கண்ணாடி காட்டினார், தேங்காய் உடைத்தார். பறை அடித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் அவர் கொப்பரைப் பக்கம் போனார். அதன் உள்பக்கம் செம்பு பூசினது போலச் சிவந்திருந்தது. துத்தம் இரும்பில் பட்டால் அப்படித்தான் ஆகும். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பாடைக்கி மூங்கி வேணும்னு ஆளு வரும்" என்றார். "வெட்டி வந்தியே, அதுல குடுத்துடு."

நானே தூக்கிக்கொண்டு போனேன். நானே கட்டினேன். விமானத்தின் விலாவுக்குப் போடுகிற முடிச்சையே போட்டேன். எனக்கு வேறு முடிச்சு தெரியாது. அக்கா புருஷனின் வாயோரம் துடைத்திருந்தார்கள், இருந்தாலும் பச்சையாகத் தெரிந்தது. அக்காவும் இரண்டு வாய் குடித்திருக்கிறாள். வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. சேரிக்காரர்கள், அவன் எப்படியும் போகிறவன்தான் என்றார்கள். அதை நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். வால்பக்கம் இன்னும் துணி ஒட்டவில்லை. காரியக்காரர் கொட்டகை வாசலிலேயே நிறுத்தினார்.

"கண்ணு தொறந்தாச்சி. தீட்டோட தொடக்கூடாது. பதினாறு கழிச்சி வா."

"பதினாறு கழிச்சி வந்தா இன்னாத்த ஒட்டுறது சாமி? அஞ்சி நாளுல திருநாளு."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? ஆசாரி கண்ணு தொறந்துட்டாரு."

"செஞ்ச நாளுக்கு அரிசி?"

"கடைசி வரைக்கும் செஞ்சவங்களுக்குத்தான்னு மொதல்லயே பேச்சு."

அவள் ஆசாரியைப் பார்த்தாள். ஆசாரி உளியைக் கீழே வைத்தார். கண் திறந்தது வெறும் சாத்திரத்துக்குத்தான், அது சாமி அல்ல, அவள் தொடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுபடி உளியை எடுத்தார். நாற்பது வருஷமாக வாகனம் செய்கிறவர். அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

காரியக்காரர் போன பிறகு அவள் நேராக வெளியே கவிழ்த்திருந்த கொப்பரையிடம் போனாள். புரட்டி உள்ளே பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள்.

"துத்தமா?"

"ஆமாக்கா."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கிக் காலையில."

"நீதான் கலக்குனியா?"

"ஆமா."

"கூழு குடிக்கறப்ப பக்கத்துலதானே குந்தியிருந்தே" என்றாள். பிறகு கொப்பரையை இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

வால்பக்கத்துத் துணியை நான் ஒட்டினேன். அவள் ஒட்டியது போல வரவில்லை, சுருக்கம் விழுந்தது.

திருநாள் அன்று காலையிலேயே என்னைக் குழிக்குள் இறக்கி, மேலே பனையோலை போட்டு மூடினார்கள். இரண்டு கயிறும் ஓலைச் சந்து வழியாக உள்ளே வந்தன. வெடி போட்டதும் இழுக்க வேண்டும். இழுத்தேன். முதலில் அசையவில்லை. காலை மண்ணில் ஊன்றி உடம்பையே பின்னால் சாய்த்தேன். பிறகு வந்தது. மேலே ஜனம் கூச்சல் போட்டது. பறந்ததை நான் பார்க்கவில்லை. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனதைத்தான் பார்த்தேன். நன்றாகப் பறந்தது என்று பிறகு சொன்னார்கள். விசிறி சுற்றியதாம். வயசானவர்கள் அதன் கண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். நிலக்காரரின் கையை ஒரு வெள்ளைக்காரர் குலுக்கினாராம். வெயில் திரும்பும் வரைக்கும் நான்கு முறை இழுக்க வைத்தார்கள்.

அரை மூட்டை அரிசியை வாங்கினேன். ஆசாரியும் வாங்கினார். அவர் தன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தன் ஊர்ப் பாதையில் போனார். நான் சேரிக்குப் போனேன்.

அவள் வாசலில் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையை இறக்கினேன். வாங்கமாட்டாள், முகத்தில் விட்டெறிவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். அவள் எழுந்து வந்து மூட்டையின் வாயைப் பிரித்தாள். ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கல் இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது. ஆனால் மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு நாலு அரிசியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"துன்னு."

தின்றேன். நான் மென்று விழுங்கும் வரை நின்று பார்த்தாள்.

"செரி, உள்ள வச்சிட்டுப் போ" என்றாள்.

உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் மணப்பட்டுப் பாதை.

சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது வெடிச்சத்தம் கேட்கவில்லை, அலைச்சத்தம் கேட்டது. கரையில் கவிழ்த்திருந்த படகோரம் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கரைவலை இழுக்க அங்கிருந்த மீனவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. வலைக்காரர் என்னைக் காலால் தட்டி எழுப்பினார்.

"எந்த ஊருடா?"

"ஊரு இல்லீங்க."

"கையி ஏன் நீலமா கீது?"

"சாயம்."

"கவுறு இழுத்திருக்கியா?"

"நேத்து இழுத்தேன்."

"இன்னாத்த இழுத்த?"

"ஏரோப்ளேனு" என்றேன். கரையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "அப்ப மீன இழுக்கறது உனக்குக் கஸ்டமாடா, வா" என்றார் வலைக்காரர். இழுத்து முடித்தால் ஒரு பங்கு மீன், இப்போதைக்குக் கஞ்சி என்று பேசினார். ஒரு பெண் கலயத்தில் கஞ்சி ஊற்றி நீட்டினாள். வெள்ளையாக இருந்தது. குடித்தேன். துண்டைக் கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் சுற்றிக்கொண்டு, ஆறாவது ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.